கருவிகள் மறைந்தன, கோப்புகள் நின்றன

மின்னூல் வாசிக்க எந்தக் கருவியை வாங்கலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் திரையின் அளவு, எடை, விலை ஆகியவற்றையே நாம் ஒப்பிடுகிறோம். இக்கருவிகளின் கால் நூற்றாண்டு வரலாறோ வேறொரு கேள்வியை முன்வைக்கிறது: காசு கொடுத்து வாங்கிய நூல் உண்மையில் யார் கையில் இருக்கிறது?

1998-இல் அமெரிக்காவில் ராக்கெட் ஈபுக், சாஃப்ட்புக் என்ற இரு கருவிகள் சந்தைக்கு வந்தன. ராக்கெட்டை உருவாக்கிய மார்ட்டின் எபர்ஹார்டும் மார்க் டார்பெனிங்கும் பின்னாளில் டெஸ்லாவைத் தொடங்கியவர்கள். 2000-இல் ஜெம்ஸ்டார் நிறுவனம் இரண்டையும் விலைக்கு வாங்கியது. 2003-இல் மின்னூல் வணிகத்தையே கைவிட்டது. அக்கருவிகளுக்கெனப் பூட்டி விற்கப்பட்ட நூல்களுக்கு அதன்பின் போக்கிடமில்லை.

2004-இல் சோனி ஜப்பானில் வெளியிட்ட லிப்ரியே, மின்மைத் திரையுடன் வந்தது. மின்னூட்டம் பெற்ற கறுப்பு, வெள்ளைத் துகள்கள் நுண்குமிழ்களுக்குள் மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாகத் தெரியும். பக்கம் மாறும்போது மட்டுமே மின்சாரம் செலவாகும். காகிதத்தைப் போலவே வெளி வெளிச்சத்தில் படிக்கலாம். கண்ணுக்கு இதமான திரைதான். ஆனால் அதற்கென விற்ற நூல்கள் 60 நாட்களில் காலாவதியாயின. நூலை வாங்கியவர் இரவல் வாசகராகவே இருந்தார். அக்கருவி எடுபடவில்லை.

2007-ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்வுகள். செப்டம்பரில் ஈபப் என்ற பொது வடிவம் தரமாக ஏற்கப்பட்டது. நவம்பர் 19 அன்று அமேசானின் கிண்டில் 399 டாலர் விலையில் வெளிவந்தது. அது ஈபப்பை ஏற்காமல், 2005-இல் தான் வாங்கியிருந்த மொபிபாக்கெட்டின் வழிவந்த தன் சொந்த வடிவத்தையே பயன்படுத்தியது. 2009 ஜூலையில், விற்றவருக்கு உரிமை இல்லை என்று கூறி, ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலை வாசகர்களின் கிண்டில்களிலிருந்து அமேசான் தொலைவிலிருந்தே அழித்தது. பணம் திரும்பக் கிடைத்தது. நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கேட்டார். எனினும் நம் வீட்டு அலமாரியின் சாவி வேறொருவரிடம் இருப்பதை உலகம் அன்று கண்டுகொண்டது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, அங்கு வாங்கிய நூல்கள் அனைத்தும் திறக்க இயலாதவை ஆயின. அப்போதும் பணம் திரும்பி வந்தது, நூல் வரவில்லை.

ராக்கெட் வெளிவந்த அதே 1998-இல், பொங்கல் நாளன்று, தமிழில் மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாடுகளிலிருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தனர். அவர்கள் எந்தக் கருவியையும் விற்கவில்லை. கோப்புகளுக்குப் பூட்டும் போடவில்லை. எழுத்துக் குறியேற்றங்கள் மாறியபோது அந்நூல்கள் திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு இடம்பெயர்ந்தன. பூட்டு இல்லாததால்தான் அது முடிந்தது. ராக்கெட் இன்று அருங்காட்சியகப் பொருள். மதுரைத் திட்டத்தின் கோப்புகளையோ தமிழ் ஒருங்குறியைக் காட்டும் எக்கருவியிலும் படிக்கலாம்.

பூட்டுக்கும் ஒரு நியாயம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. வாழும் எழுத்தாளருக்கு உரிமைத்தொகை சேர வேண்டும். திருட்டுப் பிரதிகள் அதைப் பறிக்கின்றன. ஆனால் எழுத்தாளரைக் காக்கப் போட்ட பூட்டு, கடை மூடிய நாளில் வாசகரை வெளியே நிறுத்திவிடுகிறது என்பதும் உண்மை.

ஆகவே கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் மூன்றைப் பார்ப்போம். அது ஈபப் கோப்புகளைத் திறக்கிறதா? கொம்பும் காலும் இடம் மாறாமல் தமிழைக் காட்டுகிறதா? வாங்கிய நூலின் பிரதியை நம் கணினியில் வைத்துக்கொள்ள விடுகிறதா? எந்தக் கருவியும் சில ஆண்டுகளில் பழசாகிவிடும். அதன்பிறகும் நூல் நம்மிடம் இருக்குமா என்பதை மூன்றாம் கேள்விக்கான விடையே தீர்மானிக்கும்.