மாளிகாவத்தைக்கு மாடிகள் வந்த கதை

1970 மே மாதப் பொதுத் தேர்தலில் மத்திய கொழும்புத் தொகுதி மூன்று பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அவர்களில் ஒருவர் கம்யூனிஸ்ட் கட்சியின் பீட்டர் கெனமன். இன்னொருவர் ஐக்கிய தேசியக் கட்சியின் ரணசிங்க பிரேமதாச. கெனமன் வீடமைப்பு அமைச்சரானார். பிரேமதாச எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்தார். ஏழு ஆண்டு கழித்து ஆட்சி மாறியபோது அதே துறை பிரேமதாசவின் கைக்கு வந்தது. கட்சியில் எதிரும் புதிருமான இரண்டு பேர், ஒரே தொகுதியில் வாக்குக் கேட்டவர்கள், அடுத்தடுத்து இந்த நாட்டின் வீட்டுக் கணக்கைக் கவனித்தார்கள். அந்தத் தொகுதிக்குள் இருக்கும் ஊர்தான் மாளிகாவத்தை. கொழும்பு மாநகரம் ஏழைகளுக்கு மாடி கட்டிய வரலாற்றை எங்கிருந்தாவது வாசிக்கத் தொடங்க வேண்டுமென்றால் இங்கிருந்து தொடங்கலாம்.

ஊரின் கிடக்கையை முதலில் பார்த்துவிடலாம். தெற்கே மருதானை, கிழக்கே தெமட்டகொடை, வடக்கே கிராண்ட்பாஸ், மேற்கே மோட்டார் உதிரிப் பாகங்களுக்குப் பேர்போன பஞ்சிகாவத்தை. 1864 டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் ரயில் ஓடிய நாளிலிருந்து இருப்புப் பாதை இந்த ஊரின் விளிம்பில் கிடக்கிறது. மருதானையிலிருந்து தெமட்டகொடை வரை தண்டவாளமும் யார்டும் பணிமனையும்தான். துறைமுகம் பெருத்தது; புறக்கோட்டை மொத்த வியாபாரம் பெருத்தது; மூட்டை தூக்கவும் வண்டி இழுக்கவும் ரயில் கழுவவும் ஆள் வேண்டியிருந்தது. வந்தவர்கள் வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் தங்கினார்கள். வளவுக்குள் வரிசை வீடுகள், நடுவில் ஒரு பொதுக் குழாய், மூலையில் பொது மலசலகூடம் என்று கொழும்பின் தோட்டங்கள் உருவானது அப்படித்தான். சோனகர், சிங்களவர், தமிழர், மலாயர் என்று எல்லோரும் ஒரே ஒழுங்கையில் கலந்து வாழ்ந்தார்கள்.

பொதுப் போக்குவரத்தும் அக்காலத்திலேயே எட்டிப் பார்த்தது. 1899இல் கொழும்பில் மின்சார டிராம் வந்தது. ஒரு தடம் கோட்டையிலிருந்து மருதானை வழியாகப் பொரளைக்கும், மற்றது கிராண்ட்பாஸுக்கும் ஓடியது. மாளிகாவத்தை இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டது. தெற்கே நடந்தால் ஒரு டிராம், வடக்கே நடந்தால் இன்னொரு டிராம். 1929இல் ஏ. ஈ. குணசிங்க தலைமையில் டிராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கலகம் வெடித்தது மருதானையில். பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1944இல் மாநகர சபை டிராம் சேவையைப் பொறுப்பேற்றது. 1953இல் டிரொலி பஸ்ஸைக் கொண்டுவந்தது. 1960இல் டிராமும் 1964இல் டிரொலி பஸ்ஸும் நின்றன. கம்பியில் ஓடிய வண்டிகள் கொழும்பு வீதிகளிலிருந்து முழுதாக மறைந்து நாலு வருஷத்தில்தான் மாளிகாவத்தையில் மாடி கட்டும் வேலை ஆரம்பமானது. வீடு வரும்போது வண்டி போய்விட்டது.

1968இல் தமிழரசுக் கட்சியின் மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சர் பதவியை விட்டு விலகினார். அவருக்குக் கீழே இருந்த பிரேமதாச அந்த இடத்துக்கு வந்தார். வந்ததும் கையில் எடுத்த காரியங்களில் ஒன்று மாளிகாவத்தை வீடமைப்புத் திட்டம். அந்த நிலம் அப்போது சதுப்பு. நகரத்துக் குப்பை கொட்டும் இடம். அதை நிரப்பி, தண்ணீர், மின்சாரம், மலசலகூடம் எல்லாம் உள்ளுக்குள்ளேயே அமைந்த மாடி வீடுகள் கட்டுவது திட்டம். பொதுக் குழாயடியில் வாளியை வரிசையில் வைத்துக் காத்திருந்த குடும்பத்துக்குச் சொந்தக் குழாய் என்பது சின்ன விஷயமல்ல. இன்றைக்கும் கொழும்பில் ‘மாளிகாவத்தை பிளட்ஸ்’ என்று சொன்னால் எந்த ஓட்டோக்காரரும் இரண்டாம் கேள்வி கேட்க மாட்டார்.

கெனமன் காலத்தில் சட்டங்கள் வந்தன. 1973இல் மூன்று சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறின. வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கைக்கு எல்லை போட்டது. மேலதிக வீடுகள் அரசுக்குப் போயின, தோட்டத்து வாடகைக் குடியிருப்பாளர் பலர் சொந்தக்காரர் ஆனார்கள். பொது வசதிகள் சபைச் சட்டம் மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி, கழிவுக் குழாய் போன்ற பொதுவானவற்றைப் பராமரிக்க ஒரு சபையை உண்டாக்கியது. தொடர்மாடி உரிமைச் சட்டம் நிலத்தில் தொடாமல் அந்தரத்தில் நிற்கும் ஒரு வீட்டுக்கும் உறுதி எழுத வழிசெய்தது. மூன்றுமே வீட்டைப் பற்றியவை. வீட்டிலிருந்து வெளியே போவதைப் பற்றிப் பேசுவது அவற்றின் வேலை அல்ல. பஸ் வேறொரு அமைச்சு, ரயில் வேறொரு திணைக்களம், வீதி மாநகர சபையின் பொறுப்பு. இந்தப் பாகப்பிரிவினை நீண்ட காலம் நீடித்தது.

1977க்குப் பிறகு பிரேமதாச ஒரு இலட்சம் வீட்டுத் திட்டத்தையும், 1984இலிருந்து பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தையும் நடத்தினார். இரண்டாவது திட்டத்தின் போக்கு முற்றிலும் வேறு. அரசு வீடு கட்டிக் கொடுப்பதை விட்டு, சிறு கடன் கொடுத்து, சனங்களே கட்டிக்கொள்ள உதவியது. கிராண்ட்பாஸில் நவகம்புர அதற்கு மாதிரியாக அமைந்தது: ஆளுக்கு ஏறக்குறைய இரண்டு பேர்ச் காணி, ஒழுங்கையின் அகலத்தைக்கூடக் குடியிருப்பாளரே கூடிப் பேசித் தீர்மானித்தார்கள். மாடிக்குப் போகாமலேயே தோட்டங்களைத் திருத்த முடியும் என்று அப்போது நம்பினார்கள்.

மாளிகாவத்தைக்குப் பிரேமதாச கொடுத்த இன்னொரு பொருள் ஒரு விளையாட்டரங்கு. கெத்தாராம விகாரைக்குப் பக்கத்துச் சதுப்பை நிரப்பிக் கட்டியது. 1986 பெப்ரவரியில் திறந்தார்கள். இப்போது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1997இல் இந்தியாவுக்கு எதிராக இலங்கை 6 விக்கெட்டுக்கு 952 ஓட்டங்கள் குவித்ததும், சனத் ஜயசூரிய 340 அடித்ததும் இங்கேதான். 2012 உலகக் கிண்ண இருபது ஓவர் இறுதிப் போட்டியும் இங்கேதான். முப்பதாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் அரங்கு அது. ஆனால் அதன் வாசலில் ஒரு புகையிரத நிலையம் கிடையாது. மேட்ச் முடிந்த இரவில் பேஸ்லைன் வீதிப் பக்கமும் மருதானைப் பக்கமும் சனம் நடந்துதான் கலைகிறது. அன்றைக்குப் பக்கத்து மாடிகளில் இருக்கும் ஆள் வீடு போய்ச் சேர்வதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

பஸ்ஸின் கதையும் இதே காலத்தில் திசைமாறியது. 1958 ஜனவரி முதலாம் திகதி பஸ் சேவைகள் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. 1979இல் தனியார் பஸ்களுக்கு மறுபடி கதவு திறந்தார்கள். தனியார் பஸ் வருமானம் உள்ள வீதியில் ஓடும். உள் ஒழுங்கைக்குள் வராது. அந்த இடைவெளியை நிரப்பியது ஓட்டோ. நாட்டில் இன்று பதிவாகியுள்ள முச்சக்கர வண்டிகள் பத்து இலட்சத்துக்கும் மேல். மாளிகாவத்தை போன்ற ஊரில் அது வாகனமும் பிழைப்பும் சேர்ந்த ஒன்று. பகலில் ஆள் ஏற்றும், மாலையில் சரக்கு ஏற்றும், விடியற்காலையில் வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு விடும்.

1998இல் காற்று மாறியது. தோட்டங்கள் இருக்கும் காணி நகரத்தின் விலைமதிப்புள்ள நிலம், குடும்பங்களை உயர்ந்த மாடிகளுக்கு ஏற்றிவிட்டு மீந்த நிலத்தைச் சந்தைக்கு விட்டால் செலவு ஈடாகும் என்ற கணக்கில் ஒரு திட்டம் பிறந்தது. அதன் முதல் பிள்ளை பொரளைக்கு அருகே வனாத்தமுல்லையில் எழுந்த சஹஸ்புர: 671 வீடுகள், லிப்ட் வைத்த உயர்மாடி. 2001இல் நடந்த ஒரு கணக்கெடுப்பு, கொழும்பு மாநகர எல்லைக்குள் 1,614 குறைந்த வருமானக் குடியிருப்புகளில் 77,612 குடும்பங்கள் வாழ்வதாகச் சொன்னது. நகரத்து மக்களில் ஏறத்தாழ அரைவாசி. போர் முடிந்தபின் 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. அதன் கணக்கில் 68,812 குடும்பங்கள் ஏறக்குறைய 900 ஏக்கர் நிலத்தில் இருந்தன. அந்த 900 ஏக்கர்தான் கண்ணில் பட்டது.

அதே ஆண்டு மே மாதம் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில் தெமட்டகொடையிலும் மட்டக்குளியிலும் பன்னிரண்டு மாடியும் அதற்கு மேலுமான தொகுதிகள் எழும்பின. வீட்டின் அளவு பெரும்பாலும் 400 சதுர அடி அளவில் இருந்தது. குடும்பங்கள் பத்து இலட்சம் ரூபாயைத் தவணையில் கட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டது. உறுதி வைத்திருந்தவருக்கும் வைத்திராதவருக்கும் ஒரே மாதிரியான பெட்டி. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014இல் வெளியிட்ட அறிக்கைகள் இந்த இடப்பெயர்வுகளை விரிவாகப் பதிவுசெய்து, விமர்சித்தன.

உயர்மாடி வாழ்க்கையை அருகில் போய்ப் பார்த்தால் தெரிவது சின்னச் சின்னச் சங்கடங்கள். தள்ளுவண்டியில் பழம் விற்றவர் வண்டியை எங்கே நிறுத்துவார்? பத்தாம் மாடிக்கு ஏற்ற முடியாது, கீழே விட்டால் காலையில் சில்லு இருக்காது. லிப்ட் பழுதான நாளில் எரிவாயு சிலிண்டரை யாராவது தோளில் சுமக்க வேண்டும். முஸ்லிம் வீடொன்றில் மௌத் ஆகிவிட்டால் மையித்தைத் தாமதிக்காமல் மையவாடிக்கு எடுத்துப்போவது வழக்கம். படி வளைவில் சந்தூக்கைத் திருப்புவதற்கு ஆறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஓட்டோ இருக்கும் குடும்பங்கள் பெருகிய தொகுதியில் நிறுத்துமிடம் போதாமல் தினமும் சச்சரவு. இதில் எதுவும் வீட்டின் வரைபடத்தில் இல்லை. எல்லாம் வீட்டுக்கும் வீதிக்கும் இடையில் நடப்பவை.

ஆனாலும் மாளிகாவத்தைக்குள்ளேயோ பக்கத்திலேயோ மாடி கிடைத்தவர்கள் ஒருவகையில் கொடுத்துவைத்தவர்கள். சென்னையில் தோட்டத்துக்குச் சமமான குடிசைப் பகுதிகளை அகற்றியபோது, குடும்பங்களைப் பழைய மகாபலிபுரம் சாலையோரத்துக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். வேலை நகரத்துக்குள், வீடு நகரத்துக்கு வெளியே. பஸ் கட்டணமே கூலியில் ஒரு பங்கைத் தின்றது. மாளிகாவத்தைக்காரருக்குப் புறக்கோட்டையும் மருதானையும் கால்நடைத் தூரம். தேசிய வைத்தியசாலை எட்டும் தொலைவு. சாஹிரா கல்லூரி பக்கத்தில். நூறு வருஷமாக இந்த ஊர் சனத்துக்கு யாரும் போக்குவரத்து ஏற்பாடு செய்து கொடுக்காத போதும் வாழ்க்கை ஓடியதற்குக் காரணம் இந்த அருகாமைதான். அரசாங்கம் சதுர அடியில் விலை போட்ட அந்த நிலத்துக்குச் சனம் போட்டிருந்த விலை வேறு.

அருகாமைக்கும் ஓர் எல்லை உண்டு. இரண்டு மாடி ஒழுங்கையில் இருந்த குடும்பங்களைப் பதினைந்து மாடிக்குள் அடுக்கினால், காலை ஆறரைக்கு ஒரே வாசலால் வெளியே வரும் தலைகள் பலமடங்காகும். வீதி அதே வீதி. சிங்கப்பூரும் இந்தச் சோதனையைக் கடந்தது. 1960இல் வீடமைப்புச் சபை தொடங்கி, அந்தப் பத்தாண்டிலேயே தோ பாயோ என்ற நகரத்தைக் கட்டினார்கள். ரயில் அங்கே வந்தது 1987 நவம்பரில். ஆனால் நாட்டின் முதல் மெட்ரோ ரயில் திறந்தபோது அதன் ஐந்து நிலையங்களில் ஒன்று அந்த மாடிகளின் காலடியில் இருந்தது. அங்கே மாடி எழும்பிய இடத்தைத் தேடி ரயில் போனது.

கொழும்பிலும் அப்படி ஒரு வாய்ப்பு வந்தது. ஜப்பானிய உதவியுடன் நடந்த ஆய்வு முதலில் மோனோரயிலை முன்மொழிந்தது. பிறகு இலகு ரயில். 2016இன் மேல் மாகாண மாநகரத் திட்டத்தில் பல தடங்கள் வரையப்பட்டன. வட கொழும்பை ஊடறுக்கும் தடமும் அதில் இருந்தது. 2019 மார்ச்சில் முதல் தடத்துக்கு ஜப்பானுடன் கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது: கோட்டையிலிருந்து தேசிய வைத்தியசாலை, பொரளை வழியாக மாலபே வரை 16 நிலையங்கள். அடுத்த மாதமே ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கி 5,500 வீடுகளுக்காக 20 கோடி டொலர் கடனை அங்கீகரித்தது; மாளிகாவத்தைப் பக்கத்து ஆப்பிள்வத்தையும் அந்த இடங்களில் ஒன்று. ஒரு மாத இடைவெளியில் ரயிலும் வீடும். 2020 செப்டெம்பரில் அரசாங்கம் இலகு ரயிலைக் கைவிட்டது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவித்ததும், கடனில் எழும்பிய கட்டுமானங்கள் பல பாதியில் நின்றன.

நிலைமை ஓரளவு சீராகி வேலைகள் மறுபடி ஆரம்பிக்கும் காலம் இது. நகர அபிவிருத்தி அதிகார சபையும் புகையிரதத் திணைக்களமும் பஸ் சேவையைக் கவனிப்போரும் ஒரே மேசையில் உட்கார வேண்டியதும் இப்போதுதான். மருதானைக்கும் தெமட்டகொடைக்கும் நடுவே கிடக்கும் தண்டவாளத்தைக் கடக்கப் பாதசாரிகளுக்கு நல்ல பாதை, மாடித் தொகுதிகளின் வாசலைத் தொட்டுப் போகும் சிறு பஸ், கீழ்த்தளத்தில் தள்ளுவண்டிக்கும் ஓட்டோவுக்கும் இடம்: இவற்றுக்கு ஜப்பானியக் கடன் தேவையில்லை. அடுத்த உயர்மாடிக்கு அனுமதி கையெழுத்தாகும் முன், அதில் குடிவரப் போகிற குடும்பங்கள் காலையில் எந்த வழியால், எதில் ஏறி, எங்கே போகும் என்ற கணக்கையும் கோப்பில் சேர்க்கச் சொல்லி மாளிகாவத்தை மக்கள் கேட்க வேண்டும்.