காந்தம் துடைத்த கப்பல்கள்

காந்தத்தைச் சுத்தியலால் தட்டினால் அதன் சக்தி போய்விடும் என்று தொடக்கப்பள்ளி அறிவியலில் படித்திருக்கிறோம். கப்பல்களின் கதை தலைகீழ். தட்டித் தட்டித்தான் அவை காந்தமாகின. கட்டும் தளத்தில் மாதக்கணக்கில் ஒரே திசை பார்த்துக் கிடக்கும் எஃகு உடலில் ரிவெட் அடிக்கிறார்கள். ஒவ்வொரு அடியும் எஃகைக் கொஞ்சம் அசைத்துக்கொடுக்க, பூமியின் காந்தப்புலம் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. எங்கே, எந்தத் திசையில் பிறந்தது என்பது கப்பலின் உடம்பிலேயே பதிந்துவிடும். ஜாதகம் மாதிரி.

1939 நவம்பரில் ஜெர்மானியர்கள் இந்த ஜாதகத்தை வைத்துக் கப்பல்களைக் கொன்றுகொண்டிருந்தார்கள். கடல் தரையில் கிடக்கும் புதுவகைக் கண்ணிவெடியைக் கப்பல் முட்டவே வேண்டாம். மேலே கடந்து போனால் போதும். 18ஆம் தேதி 'சைமன் பொலிவர்' என்ற டச்சுக் கப்பல் மூழ்கியது. 21ஆம் தேதி, அப்போது போரிலேயே இல்லாத ஜப்பானின் 'தெருகுனி மாரு' மூழ்கியது. அதே நாளில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் 'பெல்ஃபாஸ்ட்' முதுகெலும்பு ஒடிந்து கரைக்கு வந்தது. இதில் ஒரு வேடிக்கை: காந்தக் கண்ணிவெடியை 1918லேயே பிரிட்டன் தானே செய்து கடலில் போட்டிருந்தது. ஆனாலும் எதிரியின் பொறி எவ்வளவு காந்தத்துக்கு வெடிக்கும் என்று தெரியாமல் மாற்று செய்ய முடியவில்லை.

விடை வானத்திலிருந்து விழுந்தது. 22ஆம் தேதி இரவு ஜெர்மன் விமானம் போட்ட கண்ணிவெடி, ஷூபரினஸ் கரையோரச் சேற்றில் சிக்கிக்கொண்டது. மறுநாள் தண்ணீர் வற்றியதும் ஜான் ஊவ்ரி என்ற கடற்படை அதிகாரியும் பால்ட்வின் என்பவரும் பித்தளைக் கருவிகளோடு அதனிடம் போனார்கள். இரும்பு ஆகாது, அதுவே வெடிக்க வைத்துவிடலாம். இன்னும் இரண்டு பேர் தூரத்தில் நின்றார்கள். எதற்கென்றால், இவர்கள் இருவரும் செத்துப்போனால் எந்தத் திருகு வரைக்கும் கழற்றினார்கள் என்று அடுத்து வருபவனுக்குச் சொல்ல ஆள் வேண்டுமே. அந்த ஏற்பாட்டைப் படிச்சபோது எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு.

கண்ணிவெடி வெடிக்கவில்லை. கப்பலைச் சுற்றிக் கம்பிச்சுருள் கட்டி மின்சாரம் செலுத்தினால் அதன் காந்தத்தை எதிர்க்கலாம் என்று இப்போது கணக்குப் போட முடிந்தது. கனடாவில் பிறந்த வேதியியலாளர் சார்ல்ஸ் குட்டீவ் இதற்கு 'டிகாஸிங்' என்று பெயர் வைத்தார். காஸ் என்ற அளவை ஜெர்மன் கணித மேதை காஸின் பெயரில் உள்ளது. ஜெர்மன் வெடியை முறியடித்த வேலைக்கு ஜெர்மன்காரர் பெயர்!

ஆனால் சுருள் கட்ட நிறைய செம்பு வேண்டும், பணமும் நாளும் வேண்டும். அதனால் சின்னக் கப்பல்களுக்கு 'துடைப்பு' வந்தது. தடித்த கேபிளில் சுமார் 2000 ஆம்பியர் பாய்ச்சி, கப்பலின் பக்கவாட்டில் கீழிருந்து மேலே இழுப்பார்கள். அவ்வளவுதான். கேட்க எளிது, ஈரத்தில் அந்தக் கனத்த கேபிளை இழுத்தவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். 1940இல் டன்கர்க் மீட்புக்கு முன்பு நான்கே நாட்களில் 400 கப்பல்களை இப்படித் துடைத்தார்கள். டன்கர்க் என்றதும் நாம் சின்னப் படகுகளையும் மீனவர்களையும் நினைக்கிறோம். கேபிள் இழுத்தவர்களுக்கு அந்தக் கதையில் ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நம்ம பக்கம் வந்தால் கணக்கே மாறும். காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. சிங்கப்பூர் அதற்குத் தெற்கே. அங்கே பூமிப் புலத்தின் செங்குத்துப் பகுதி மிகவும் குறைவு, திசையும் எதிர். பிரிட்டனில் ஒழுங்குசெய்த சுருளில் இங்கே வரும்போது மின்னோட்டத்தைத் திருத்தியாக வேண்டும். 1941 பிப்ரவரியில் ஆஸ்திரேலியப் படையினரைச் சிங்கப்பூரில் இறக்கிய 'குயின் மேரி'யை 1945 ஜூன் மாதப் புகைப்படம் ஒன்றில் பாருங்கள்: உடலைச் சுற்றிச் சுருள் ஓடுவது வெளியிலேயே தெரியும். அன்று அதில் வந்திறங்கியவர்களில் பலர் ஓராண்டுக்குள் ஜப்பானியக் கைதிகள். கண்ணிவெடிக்குத் தப்பிக்க மட்டும்தான் சுருளுக்குத் தெரியும்.

சுருள் இல்லாமல் வெறுமனே துடைத்த கப்பலுக்கு அந்தக் காப்பும் நிரந்தரமில்லை. கடலில் போகப் போகப் பூமி அதன்மேல் மறுபடியும் எழுத ஆரம்பித்துவிடும். ஒரே திசையில் நெடுநேரம் ஓட்டாதீர்கள், அடிக்கடி திரும்புங்கள் என்று கேப்டன்களுக்கு உத்தரவு போனது. அப்படியும் சுமார் ஆறு மாதத்தில் கப்பல் கேபிளிடம் திரும்பி வந்து நின்றது.