நாளொன்றுக்கு ஒரு டாலர்: நியூயார்க் பள்ளிகளில் கைப்பேசியின் கதை

உயர்நிலைப் பள்ளியில் பயிலும் பிள்ளைக்குத் திறன்பேசி தேவையா என்னும் கேள்விக்கு விடை கூறுவோர், பெரும்பாலும் அக்கருவியின் நன்மை தீமைகளைப் பட்டியலிடுவதோடு நிறுத்திக் கொள்கின்றனர். இக்கேள்வியோடு 37 ஆண்டுகள் மல்லுக்கட்டிய ஒரு நகரம் உண்டு. நியூயார்க் நகரம் தடை விதித்தது, தடையை நீக்கியது, பிறகு மீண்டும் தடைக்கே திரும்பியது. அந்த அலைக்கழிப்பின் வரலாறு, பட்டியல்கள் காட்டாத ஒன்றை நமக்குக் காட்டக்கூடும்.

கதை 1988ஆம் ஆண்டில், பேஜர் என்னும் கருவியோடு தொடங்குகிறது. இடுப்பில் செருகிக் கொள்ளும் அச்சிறு பெட்டி, அழைத்தவரின் எண்ணை மட்டும் காட்டும். பேச வேண்டுமெனில் பொதுத் தொலைபேசியைத் தேடிச் செல்ல வேண்டும். மருத்துவர்களிடம் இருந்தபோது மதிப்பின் அடையாளமாக விளங்கிய அக்கருவி, பதின்வயதினர் கைக்கு வந்ததும் போதைப்பொருள் வணிகத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. நகரின் கல்வி வாரியம் பேஜர்களையும் பிற தகவல் தொடர்புச் சாதனங்களையும் பள்ளிகளில் தடை செய்தது. விதியில் இடம்பெற்ற அந்தப் ‘பிற’ என்னும் சொல்லுக்குள், பின்னாளில் கைப்பேசி வந்து அடங்கிற்று.

1999இல் கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் பள்ளியில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூடு அமெரிக்கப் பெற்றோரின் மனநிலையை மாற்றியது. 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்ததோ ஒரு பள்ளி நாளின் காலை வேளையில். உலக வர்த்தக மையத்திற்குச் சில தெருக்கள் தள்ளி இருந்த ஸ்டைவசன்ட் உயர்நிலைப் பள்ளியின் மாணவர்கள் வடக்கு நோக்கி நடந்தே வெளியேறினர். தம் பிள்ளை எங்கே இருக்கிறது என்று அறியாமல் பெற்றோர் துடித்தனர். அன்று கைப்பேசி இணைப்புகள் நெரிசலால் திணறிப் போயின என்பதும் உண்மையே. ஆயினும் அச்சத்திற்கு ஆறுதலாக ஒரு கருவி வேண்டியிருந்தது. பிள்ளையின் பையில் கைப்பேசி இருக்க வேண்டும் என்பது அப்போது முதல் பெற்றோரின் கோரிக்கையாயிற்று.

2006ஆம் ஆண்டில் மேயர் மைக்கேல் புளூம்பெர்க், ஆயுதங்களைக் கண்டறியும் நோக்கில், முன்னறிவிப்பின்றி இடம் மாறி இடம் சென்று உலோகச் சோதனை நடத்த உத்தரவிட்டார். சோதனையில் ஏராளமாகச் சிக்கியவை கைப்பேசிகளே. சுரங்க ரயிலிலும் பேருந்திலும் நெடுந்தொலைவு பயணம் செய்து பள்ளிக்கு வரும் பிள்ளைகள் நிறைந்த நகரம் அது. பெற்றோர் சிலர் வழக்குத் தொடுத்தனர்; 2007இலும், மேல்முறையீட்டில் 2008இலும், நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. வழியில் மட்டுமேனும் கைப்பேசி வைத்திருக்க உரிமை தரும் சட்டத்தை, மேயரின் மறுப்பையும் மீறி, நகர மன்றம் 2007இல் நிறைவேற்றியது. பள்ளி வாயிலில் நிலைமை மாறவில்லை.

இவ்விடத்தில்தான் வரலாறு நம் கவனத்தைக் கோருகிறது. உலோகம் கண்டறியும் வாயில்கள் நிலையாக அமைந்திருந்த பள்ளிகளில் தடை முழுமையாக நடைமுறையில் இருந்தது. அவற்றில் பயின்றவர்கள் பெரும்பாலும் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பிள்ளைகள். அத்தகைய வாயில்கள் இல்லாத பள்ளிகள் பலவற்றில், கண்ணில் படாதவரை கைப்பேசியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆக, ஒரே விதி இருவேறு நகரங்களில் இருவேறு விதமாய் நடந்தது போலாயிற்று.

ஏழைப் பிள்ளைகள் என்ன செய்தனர்? பள்ளியருகே உள்ள கடைகளிலும், அதற்கெனவே வந்து நின்ற வண்டிகளிலும், நாளொன்றுக்கு ஒரு டாலர் கொடுத்துக் கைப்பேசியை ஒப்படைத்துவிட்டு, மாலையில் திரும்பப் பெற்றனர். ஆண்டுக்கு ஏறத்தாழ 180 பள்ளி நாட்கள், 180 டாலர். தடையிலிருந்து ஒரு வணிகமே முளைத்தது. 2012இல் பிராங்க்ஸ் பகுதியில் அத்தகைய வண்டியொன்று கொள்ளையடிக்கப்பட்டு மாணவர்களின் கைப்பேசிகள் பறிபோயின. பாதுகாப்பு வேண்டிப் பிறந்த விதி, பிள்ளையின் உடைமையைத் தெருவில் நிறுத்தி வைத்தது.

புதிய மேயர் பில் டி பிளாசியோ, இந்த ஏற்றத்தாழ்வையும் பெற்றோரின் கவலையையும் சுட்டிக்காட்டி, 2015 மார்ச் மாதம் தடையை நீக்கினார். நியாயமான முடிவு. எனினும் அதில் ஒரு விந்தை உண்டு. 2006இல் தடைக்குள்ளான கைப்பேசி பெரிதும் பேசுவதற்கும் குறுஞ்செய்தி அனுப்புவதற்கும் உரிய எளிய கருவி. முதல் ஐபோன் வெளிவந்ததே 2007இல்தான். 2015இல் கதவு திறந்தபோது உள்ளே நுழைந்தது, சமூக வலைத்தளங்களையும் விளையாட்டுகளையும் ஓயாத அழைப்பொலிகளையும் தன்னுள் அடக்கிய வேறொரு கருவி. எளிய கருவியைத் தடுத்த நகரம், வல்லமை மிக்க கருவியை அனுமதித்தது. விதிகள் எப்போதும் முந்தைய கருவிக்கே விடை சொல்லிக் கொண்டிருந்தன.

2020இல் பெருந்தொற்று பள்ளிகளை மூடியபோது, வீட்டிலிருந்து படிப்பதற்காக நகரம் ஏறத்தாழ 3 இலட்சம் ஐபேடுகளை வாங்கி மாணவர்களுக்கு இரவல் கொடுத்தது. கல்விக்குக் கருவி இன்றியமையாததானபோது அதை வழங்குவது பள்ளியின் கடமை என்பது அப்போது ஏற்றுக்கொள்ளப்பட்டது. பிள்ளையின் சொந்தத் திறன்பேசியை நம்பித்தான் பாடம் நடத்த வேண்டும் என்னும் வாதம் அதோடு வலுவிழந்தது என்றே சொல்லலாம்.

2025இல் நியூயார்க் மாநிலம் இயற்றிய சட்டம், முதல் மணி முதல் கடைசி மணி வரை, உணவு வேளை உட்பட, இணைய வசதி கொண்ட சொந்தக் கருவிகளைப் பள்ளியில் தடை செய்கிறது. பழைய தடையோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். இணையமற்ற எளிய கைப்பேசிக்கு இத்தடை பொருந்தாது. கருவிகளைப் பாதுகாத்து வைக்கப் பள்ளியே வழி செய்ய வேண்டும். அதற்கென 1 கோடியே 35 இலட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. பெற்றோர் பிள்ளையைத் தொடர்பு கொள்ளவும் பள்ளியே வழி அமைக்க வேண்டும். மருத்துவம், மொழிபெயர்ப்பு போன்ற தேவைகளுக்கு விலக்கு உண்டு. கைப்பேசியைப் பயன்படுத்தினான் என்னும் ஒரே காரணத்திற்காக மாணவனை இடைநீக்கம் செய்யவும் இயலாது.

எனவே, தேவையா என்னும் கேள்விக்கு இந்நகரின் வரலாறு தரும் விடை இதுவே: கைப்பேசியின் தேவை வழியில் இருக்கிறது, வகுப்பறையில் இல்லை. தொலைவிலிருந்து தனியே வரும் பிள்ளையின் பெற்றோர் கேட்டது அந்த வழித்துணையைத்தான். அதைப் பிடுங்கிய 2006இன் தடை தோற்றது. வழித்துணையோடு முழு உலகையும் வகுப்பறைக்குள் விட்ட 2015இன் அனுமதியும் நிலைக்கவில்லை. பள்ளியில் ஆபத்து நேரும் கணத்தில் பிள்ளையின் குரலைக் கேட்கத் தவிக்கும் தாயின் அச்சத்தைப் புதிய சட்டமும் போக்கிவிடாது. ஆனால் தடையின் செலவை ஏழைப் பிள்ளையின் சட்டைப் பையிலிருந்து எடுக்கக் கூடாது என்பதையாவது அது கற்றிருக்கிறது. பிற நாடுகளில் இத்தகைய விதிகளை வகுப்போர், கருவியைப் பற்றி ஆராயுமுன் அந்த ஒரு டாலரை யார் கொடுக்கப் போகிறார்கள் என்று கேட்டுக் கொள்வது நலம்.