பாம்புகளுக்கு இட்ட பெயர்கள்

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் வாழும் சோளப் பாம்பு நஞ்சற்றது. கருவரம்பிட்ட செந்திட்டுகள் உடையது. 1953ஆம் ஆண்டில் வட கரோலினாவில் கருநிறமி அறவே இல்லாத சோளப் பாம்பொன்று பிடிபட்டது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றாலன்றி இப்பண்பு வெளிப்படாது என்பதை பெக்டெல் என்னும் தோல் மருத்துவர் பாம்புகளை இனப்பெருக்கம் செய்து ஆராய்ந்து, 1962இல் நிறுவினார்.

கருமை இல்லாததை ‘அமெலனிஸ்டிக்’ என்றும் செம்மை இல்லாததை ‘அனெரித்ரிஸ்டிக்’ என்றும் அழைத்தனர். வாய்க்குள் நுழையாத பெயர்கள்தாம், எனினும் நேர்மையானவை. எந்நிறமி குறைந்தது என்பதைப் பெயரே உரைத்துவிடும். இவ்விரு குறைகளும் ஒருங்கே அமைந்த வெண்ணிறப் பாம்பிற்கோ ‘ஸ்னோ’, அதாவது வெண்பனி, என்று பெயர் வந்தது. ஆய்வுக்கூடத்து மொழியை அங்காடி மொழி வென்ற இடம் இதுவே எனலாம்.

மேற்கு ஆப்பிரிக்காவின் கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து ஏற்றுமதியான பந்து மலைப்பாம்பின் வரலாற்றில் அங்காடியே முழு ஆட்சி புரிந்தது. விலங்கினங்களின் அறிவியற் பெயர்களுக்கு உலகப் பொது விதிகள் உண்டு. வளர்ப்புப் பாம்பின் நிறவகைக்கு அத்தகைய விதி யாதும் இல்லை. புதிய நிறம் மரபாக இறங்குகிறது என்று குட்டிகளை ஈன்பித்து முதலில் காட்டுபவரே பெயரிடுவார் என்பது வழக்கம். ஆதலால் ஒரே மரபணுவிற்கு ‘பனானா’, ‘கோரல் குளோ’ என இரு பெயர்கள் நிலைத்தன. மரபணு இரு படிகளாக அமைந்தால் ‘சூப்பர்’ என்பர். ‘சூப்பர் மொஜாவி’ நீலக்கண்ணுடைய வெண்பாம்பு. பெயரைக் கேட்டு இதனை எவர் ஊகிப்பார்?

இவையெல்லாம் விளையாட்டெனக் கருதலாம், ‘ஸ்பைடர்’ என்னும் வகையை அறியாதவரை. 1999இல் இனப்பெருக்கத்தில் உறுதிசெய்யப்பட்ட இவ்வகையின் மெல்லிய கருங்கோடுகள் சிலந்தி வலையை நினைவூட்டுவன. ஆனால் இப்பாம்புகளின் தலை தள்ளாடும். சில இரையைக் குறிவைக்கவும் இயலாது தடுமாறும். உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பின் பிறவிக் குறையே இதனுடன் தொடர்புடையது என 2022இல் வெளியான ஆய்வு காட்டியது.

‘ஸ்பைடர்’ பாம்பை ‘பேஸ்டல்’ வகையுடன் இணைத்துப் பிறந்த மஞ்சள் குட்டிக்குப் ‘பம்பிள்பீ’ என்று பெயர். அதுவும் அதே தள்ளாட்டத்திற்கு உரியது. வாங்குபவர் காணும் சீட்டிலோ சிலந்தியின் பெயரும் இல்லை; வண்டின் பெயரே இருக்கிறது.