328 கிலோவும் 16 மணி நேரப் பட்டினியும்

நம்ம சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம், 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில 77 கிலோ பிரிவுல மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018 கோல்ட் கோஸ்ட்லயும் தங்கம். எடை 77-ஐத் தாண்டக் கூடாது, பலம் மட்டும் ஏறணும். இன்னைக்கு ஜிம்ல எல்லாரும் தேடுற கொழுப்பில்லாத தசை அதுதான்.

அதுக்குக் குறுக்கு வழியா 16 மணி நேரப் பட்டினியைச் சொல்றாங்க. 2016-ல் வெளியான இத்தாலி ஆய்வு ஒன்றில், எடைப்பயிற்சியில் பழகிய 34 ஆண்களை இரண்டு குழுவாக்கி 8 வாரம் கவனித்தார்கள். 8 மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடித்தவர்களுக்குக் கொழுப்பு குறைந்தது. தசை கரையவில்லை, கூடவும் இல்லை. புரதமும் பயிற்சியும் இரு குழுவுக்கும் ஒரே அளவுதான்.

பட்டினி கொழுப்பைக் குறைக்கலாம். தசையை வளர்க்கிறது பளுவும் சாப்பாடும்தான். சதீஷோட அப்பா சிவலிங்கமும் பளு தூக்கியவர். அந்த 328 கிலோவுக்குப் பின்னாடி இரண்டு தலைமுறைப் பயிற்சி இருக்கு.