கேமரன் மலை தேயிலைத் தோட்டங்கள்: யார் இருக்கிறார்கள், எப்படி வெளியே வருகிறார்கள்?

கேமரன் மலைக்குப் போனவர் என்றால் தேயிலைச் சரிவு முன்னால் நின்று நீங்களும் படம் எடுத்திருப்பீர்கள். அந்தச் சரிவுக்குக் கீழே, தகரக் கூரை போட்ட லயங்கள் கண்ணில் பட்டதா? அங்கே குடியிருப்பவர்களுக்கு நீங்கள் வந்த அந்த ஒற்றைச் சாலைதான் பள்ளிக்கும் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வழி.

எத்தனை பேர்?

சுமார் 712 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கேமரன் மலை மாவட்டத்தில் 40 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவானவர்களே வசிக்கிறார்கள். இந்தியர்கள் "15 விழுக்காடு" என்று அடிக்கடி கேட்டிருப்பீர்கள். அது 2019 இடைத்தேர்தலின்போது பேசப்பட்ட நாடாளுமன்றத் தொகுதியின் வாக்காளர் கணக்கு. தொகுதியில் தானா ராத்தாவோடு ஜெலாய் சட்டமன்றப் பகுதியும் சேரும். ஆகவே அந்த எண்ணை வைத்துத் தோட்டத்து ஆட்களை எண்ண முடியாது.

ஜே.ஏ. ரசல் 1929-இல் போ நிறுவனத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டித் தேயிலை நட வந்தவர்களில் தென்னிந்தியத் தமிழர்கள் முக்கியமானவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் இப்போது ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். கொழுந்து வெட்டுவதில் இயந்திரம் வந்துவிட்டது. மிச்ச வேலையில் பெரும்பங்கைச் செய்பவர்கள் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது என்பதால், ஓய்வு பெற்றவர்கள் தோட்டத்தில் தங்குவது கஷ்டம்.

பகாங்கில்தான் இருக்கிறது, ஆனால்...

நிர்வாகம் பகாங், வாசல் பேரா. இதுதான் கேமரன் மலையின் விசித்திரம். 1930களின் தொடக்கத்தில் முடிந்த முதல் மோட்டார் சாலை, பேராவின் தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சுமார் 60 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறுகிறது. பல பத்தாண்டுகள் அது ஒன்றுதான் வழி. மண் சரிந்தால் மேலே இருப்பவர்கள் மேலேயேதான். இந்த நூற்றாண்டில்தான் சிம்பாங் பூலாய் சாலை வந்தது, அதுவும் பேராவில்தான் இறங்குகிறது. மாநிலத்துக்குள்ளேயே குவாந்தான் பக்கம் போக வழிகொடுத்தது அதற்கும் பிறகு திறந்த ரிங்லெட் - சுங்கை கோயான் சாலை. ரயில் பிடிக்க வேண்டுமா? தாப்பா ரோடு நிலையத்துக்கு மலையிறங்கிப் போகணும்.

பஸ் ஏன் உள்ளே வருவதில்லை?

தானா ராத்தாவிலிருந்து கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் பஸ் கிடைக்கும். சிக்கல் கடைசிச் சில கிலோமீட்டரில்தான். தோட்டத்து நிலம் தனியாருடையது. உள்ளே போகும் சாலையும் பொதுவாக நிர்வாகத்தின் பொறுப்பு, அரசுச் சாலைப் பணம் அங்கே எளிதில் போகாது. ஒரு வண்டி வந்தால் எதிர்வண்டி ஒதுங்கி நிற்க வேண்டிய அகலம் வேறு. பெரிய பஸ் எங்கே திரும்பும்? ஆகவே சொந்த மோட்டார் சைக்கிள், தோட்டத்து லாரி, பக்கத்து வீட்டுக்காரரின் கார், இல்லையென்றால் நடை.

ஆரம்பப் பள்ளி வரை அவ்வளவு தெரியாது. போ, சுங்கை பாலாஸ் தோட்டங்களின் பெயரிலேயே தமிழ்ப்பள்ளிகள் உண்டு. இடைநிலைப் பள்ளி வெளியே இருப்பதால், 13 வயதில்தான் பிள்ளைக்கு இந்தத் தூரம் உறைக்கிறது. விடியும் முன்னே பனியில் வண்டிக்குக் காத்து நிற்கணும். மாலையில் விளையாட்டுப் பயிற்சியோ கூடுதல் வகுப்போ இருந்தால், கூட்டிவர யார் என்பதுதான் வீட்டில் முதல் கேள்வி.

மருத்துவத்துக்கு தானா ராத்தாவில் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது. சிறப்புச் சிகிச்சை என்றால் ஈப்போ போன்ற ஊருக்கு இறங்கியாக வேண்டும். பள்ளி விடுமுறையிலும் வார இறுதியிலும் தானா ராத்தா - பிரிஞ்சாங் சாலை அடைபட்டு நிற்கும். அந்த நேரம் பார்த்து தோட்டத்தில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், அவரை ஏற்றிய காரும் சுற்றுலாக்காரர்களின் வரிசையில்தான் நிற்கிறது.