பௌர்ணமிக் கணக்கில் டெட்லிஃப்ட்: தரையிலிருந்து பளு எடுக்கும் பயிற்சியின் இடைவெளி குறித்து

அண்ணாமலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது அடி அண்ணாமலை. சுற்றிலும் நெல்லும் மல்லாட்டையும் விளையும் நிலம். இந்த வட்டாரத்து இளைஞர்கள் பலருக்குப் பளுவோடு இரண்டு வகை உறவு உண்டு: அறுவடை நாளில் மூட்டை, மற்ற நாளில் ஜிம்மில் இரும்பு. ஜிம்மில் எப்போதும் எழும் கேள்வி, வாரத்துக்கு எத்தனை நாள் டெட்லிஃப்ட் போடலாம் என்பது. அதற்குக் கிடைக்கும் பதில்களும் இரண்டுதான். ஒரு நாளுக்கு மேல் போனால் இடுப்பு போய்விடும் என்பார் ஒருவர். தினமும் தூக்குகிறவன்தான் தேறுவான், மூட்டை தூக்குகிறவர்களைப் பார் என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் நாளைத்தான் எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது கனமான இழுப்புகளை; ஒவ்வோர் இழுப்பும் உடலிடம் வாங்கும் விலையை. நாட்களின் எண்ணிக்கை அந்த இழுப்புகளைப் பங்கிட்டு வைக்கும் ஏற்பாடு மட்டுமே என்பதும், அடி அண்ணாமலை போன்ற ஊருக்கு வாரம் என்ற அளவே பொருந்திவரவில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

டெட்லிஃப்ட் என்பது தரையில் அசையாமல் கிடக்கும் பாரைப் பிடித்து, முழங்காலும் இடுப்பும் நேராகும்வரை எழுந்து நிற்பது. வலுதூக்கும் போட்டியில் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ் இரண்டுக்கும் பிறகு கடைசியாக வருவது. ஸ்குவாட்டில் கீழே இறங்கும்போது தசை இழுபட்டு, அந்த இழுவிசை மேலே ஏறுவதற்கு உதவும். டெட்லிஃப்டின் முதல் இழுப்புக்கு அந்த உதவி கிடையாது. பெரும்பாலானவர்கள் மற்ற இரண்டையும்விட இதில்தான் அதிகப் பளுவை எடுக்கிறார்கள். அதனால்தான் இதைச் சுற்றி இவ்வளவு அச்சமும் இவ்வளவு பெருமையும்.

மூட்டைக்காரர் சான்றை முதலில் பார்க்கலாம். ஊரில் அடிக்கடி காட்டப்படும் சான்று அதுதான். வட மாவட்டங்களில் நெல் வியாபாரம் பெரும்பாலும் 75 கிலோ மூட்டைக் கணக்கில் நடக்கிறது. அரசு நேரடிக் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை. லாரி நிற்கும் நாளில் ஒரு தொழிலாளி நூற்றுக்கணக்கான தடவை சுமக்கிறார். பயிற்சியின் அடர்த்திதான் வலிமைக்குக் காரணம் என்றால் இவரை மிஞ்ச யாரும் இருக்கக் கூடாது. ஆனால் வேலையைக் கூர்ந்து பார்த்தால் விஷயம் வேறு. தரையில் கிடக்கும் மூட்டையை அவர் தனியாக எடுப்பது குறைவு. இரண்டு பேர் இரு முனையைப் பிடித்து, சும்மாடு வைத்த தலையிலோ குனிந்த முதுகிலோ ஏற்றிவிடுகிறார்கள். தரையிலிருந்து எழும்பும் அந்த முதல் கட்டத்தில் ஒருவர் பங்குக்கு வருவது பாதி எடை. அதற்குப் பிறகு நடப்பது சுமத்தல், தூக்கல் அல்ல. அதோடு மூட்டையின் எடை மாறுவதே இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதங்களில் உடல் அந்த எடைக்குத் தேறிவிடும். பிறகு பத்தாண்டு சுமந்தாலும் அதே 75 கிலோதான். தாங்கும் திறன் வளரும், பிடி இறுகும், கழுத்தும் காலும் உரமேறும். ஒரே மூச்சில் எடுக்கக்கூடிய உச்சப் பளு மட்டும் ஓர் எல்லையில் நின்றுவிடும்.

தொழிலாளியின் உடல் தேய்வதைச் சட்டமும் அறிந்தே இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 34ஆம் பிரிவில், காயம் விளைவிக்கக்கூடிய பளுவை யாரையும் தூக்கவைக்கக் கூடாது என்றது. வயதுவந்த ஆண் ஒருவர் தனியே சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டும் இடங்களில் அதைக் குறைக்க வேண்டும் என்று 1967இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பரிந்துரைத்தது. நமது 75 கிலோ மூட்டை அதற்கும் 20 கிலோ மேலே நிற்கிறது. ஆக, மூட்டைக்காரர் நமக்குச் சொல்லித் தருவது ‘தினமும் தூக்கு’ என்ற பாடத்தை அல்ல. எடை ஏறாமல் எண்ணிக்கை மட்டும் ஏறினால் என்ன ஆகும் என்பதைத்தான்.

இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது இளவட்டக்கல். திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலையொட்டி நடக்கும் போட்டியில் 45 கிலோவில் தொடங்கி 129 கிலோ வரை படிப்படியாக எடை கூடும் கற்கள் வைக்கப்படுகின்றன. பெண்களும் 55 கிலோ கல்லைத் தூக்குகிறார்கள். குத்தவைத்து, கல்லை இரு கையாலும் அணைத்து, மடிக்கு ஏற்றி, மார்புக்குக் கொண்டுவந்து, தோளில் சாய்த்துப் பின்னால் போட வேண்டும். வழுவழுப்பான உருண்டைக் கல். பிடிக்க ஒரு விளிம்பு கிடையாது. மடிக்கு ஏற்றும் முதல் அசைவு டெட்லிஃப்டுக்கு மிக நெருங்கியது, ஆனால் முதுகு வளைந்தே தீரும் வகை. ஊர் கூடிப் பார்ப்பது ஆண்டுக்கு ஒரு நாள். அந்த ஒரு நாளை வைத்து, அரிதாகத் தூக்கினாலும் வலிமை வரும் என்று முடிவு கட்ட முடியாது. அது சோதனை நாள்; வலிமை வயலிலும் ஏற்றக் கிணற்றிலும் பிற நாட்களில் சேர்ந்தது. கார்த்திகைத் தீபத்துக்காக 2,668 அடி உயர மலையுச்சிக்குக் கொப்பரையைத் தோள்மாற்றிச் சுமந்து செல்பவர்கள் விஷயமும் இதுவே. ஜிம்மில் இன்று நடக்கும் குழப்பத்தில் பாதி, பயிற்சி நாளையும் சோதனை நாளையும் ஒன்றாக்கிவிடுவதால் வருவது. வாராவாரம் தன் உச்சப் பளுவை முயன்று பார்ப்பவர் தான் பயிற்சி செய்வதாக நினைத்துக்கொள்கிறார்.

இளவட்டக்கல்லில் இன்னொரு நுட்பம் கவனிக்கப்பட வேண்டியது. கற்கள் எடை வரிசையில் இருக்கின்றன. மூட்டைக்கு இல்லாத ஏணி கல்லுக்கு இருக்கிறது.

இனி ஆய்வகச் சான்றுகள். 1990இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் கிரேவ்ஸும் அவருடைய குழுவினரும் கீழ்முதுகை நிமிர்த்தும் தசைகளின் வலிமையை ஆராய்ந்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, வாரம் ஒரு முறை, இரு முறை, மும்முறை என்று பிரிக்கப்பட்ட குழுக்கள் 12 வாரம் பயிற்சி செய்தன. வாரம் ஒரு நாள் செய்தவர்கள் மூன்று நாள் செய்தவர்களுக்குச் சளைக்கவில்லை. ‘டெட்லிஃப்டுக்கு வாரம் ஒரு நாள்’ என்ற கட்சிக்கு இது வலுவான ஆதாரமாகத் தெரியும். நான் அதை அவ்வளவு தூரம் நீட்ட மாட்டேன். அங்கே இடுப்பு எலும்பை அசையாமல் கட்டிவைத்த எந்திரத்தில், முதுகுத் தசையை மட்டும் தனியாகப் பிரித்து வேலை வாங்கினார்கள். டெட்லிஃப்டில் அந்தத் தசைகள் பெரும்பாலும் முதுகை நிலையாக இறுக்கிப் பிடிக்கின்றன. பளுவை உயர்த்துவது பிட்டமும் தொடையும். கீழ்முதுகு குறைந்த தூண்டுதலிலேயே வளரும், மீள்வதற்கு நேரமும் கேட்கும் என்பது வரை அந்த ஆய்வை ஏற்கலாம். தூக்கும் திறமை மொத்தமும் வாரம் ஒரு நாளில் வந்துவிடும் என்பதற்கு அதில் சான்று இல்லை.

2018இல் வெளியான இரண்டு ஆய்வுகள் கேள்வியையே திருப்பிப் போட்டன. கர்கிச்சும் குழுவினரும் 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அதிக நாள் பயிற்சி செய்தவர்களுக்கு வலிமை கூடியது போலத் தெரிந்தது. மொத்தப் பயிற்சி அளவைச் சமன் செய்த ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டதும் அந்த வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதாக நிற்கவில்லை. கோல்குஹூன் குழுவினர் ஏற்கனவே பயிற்சி பெற்ற 28 ஆண்களை வாரம் மூன்று நாள், ஆறு நாள் என இரு பிரிவாக்கி, மொத்த அளவைச் சமமாக வைத்து 6 வாரம் நடத்தினார்கள். டெட்லிஃப்ட் உட்பட மூன்று தூக்கல்களும் இரு பிரிவிலும் கூடின; ஒரு பிரிவு மற்றதை மிஞ்சவில்லை. வாரத்துக்கு இருபது நல்ல இழுப்பு என்றால், இரண்டு நாளில் பத்துப் பத்தாக எடுப்பதும் நான்கு நாளில் ஐந்தைந்தாக எடுப்பதும் ஏறக்குறைய ஓரிடத்துக்கே கொண்டுசேர்க்கும். நாளைக் கூட்டுவதன் உண்மையான பயன் வேறிடத்தில் இருக்கிறது: ஒரே நாளில் இருபது எடுத்தால் கடைசி எட்டும் முதுகு வளைந்த அலங்கோலமாகிவிடும். பிரித்து எடுத்தால் இருபதும் இழுப்பாக இருக்கும்.

டெட்லிஃப்ட் ‘நரம்பு மண்டலத்தையே களைப்பாக்கிவிடும்’, ஆகவே மற்றவற்றைவிட நீண்ட ஓய்வு வேண்டும் என்ற நம்பிக்கை பயிற்சியாளர்களிடையே ஊறிப்போனது. 2019இல் பார்ன்ஸ் குழுவினர் உச்சத்தில் 95 சதவீதப் பளுவில் ஸ்குவாட்டையும் டெட்லிஃப்டையும் ஒப்பிட்டார்கள். மைய நரம்புக் களைப்பில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை, தொடைத் தசையின் களைப்போ ஸ்குவாட்டில்தான் கூடுதல். அதே ஆண்டில் பெல்ச்சர் குழுவினர் மூன்று தூக்கல்களிலிருந்தும் உடல் மீளும் வேகம் ஒத்தே இருப்பதைக் கண்டார்கள். அந்த நம்பிக்கையை இனிக் கைவிடலாம்.

கைவிடக் கூடாத எச்சரிக்கை முதுகுத்தண்டு பற்றியது. 1987இல் கிரான்ஹெட் குழுவினர், உச்ச நிலை வலுதூக்கும் வீரர்கள் டெட்லிஃப்ட் எடுக்கும்போது மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பில் விழும் விசை 18.8 முதல் 36.4 கிலோநியூட்டன் வரை போவதாகக் கணக்கிட்டார்கள். ஏறக்குறைய இரண்டு டன்னிலிருந்து மூன்றரை டன்னுக்கும் மேல்வரை எடை வைத்தது போன்ற அழுத்தம். அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த எண் அல்ல. வீரர்களின் முள்ளெலும்பில் இருந்த தாதுச்செறிவு, அவர்கள் ஓராண்டில் தூக்கிய மொத்தப் பளுவோடு நெருங்கி ஒத்துப்போனது. எலும்பு ஆண்டுக் கணக்கில் பதில் சொல்கிறது. தசை வாரக் கணக்கில் சொல்கிறது. முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுக்கு நேரடி இரத்த ஓட்டம் மிகக் குறைவு. அது இன்னும் மெதுவாகவே தேறும். ஆறே மாதத்தில் தசை 40 கிலோ ஏற்றிக்கொடுத்த இளைஞருக்கு அடுத்த ஆறு மாதத்தில் இடுப்பு பிடித்துக்கொள்வது இந்த வேக முரண்பாட்டால் இருக்கலாம்.

உள்ளூர்ப் பழக்கம் ஒன்றும் இங்கே குறுக்கிடுகிறது. சித்திரை வெயிலுக்குப் பயந்து விடிகாலை ஐந்து மணிக்கே ஜிம்முக்கு வருகிறார்கள். இரவெல்லாம் படுத்திருந்த வட்டு நீர் ஏறி உப்பியிருக்கும். காலையில் முன்னால் குனியும்போது வட்டின் மீது விழும் வளைவு அழுத்தம், பிற்பகலோடு ஒப்பிட்டால் மூன்று மடங்கு கூடுவதாக 1987இல் ஆடம்ஸ், டோலன், ஹட்டன் மதிப்பிட்டார்கள். எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே அந்த உப்பலில் கணிசமான பங்கு வடிந்துவிடும். வாரம் மூன்று நாளா இரண்டு நாளா என்று சண்டை போடுகிறவர்கள் எழுந்த அரை மணியில் பார் முன்னால் நிற்பதை நிறுத்தினால், இடுப்புக்கு அதைவிடப் பெரிய நன்மை.

அடிக்கடி தூக்குவது கூடவே கூடாது என்பாருக்குப் பக்கத்து ஊரே பதில் சொல்லும். வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றார்: ஸ்னாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179, மொத்தம் 328 கிலோ. 2018 கோல்டு கோஸ்டில் 317 கிலோவுடன் மறுபடியும் தங்கம். தந்தை சிவலிங்கமும் பளுதூக்கியவர்தான். 179 கிலோ என்பது அந்த எடைப் பிரிவின் உச்சவரம்பைப் போல் 2.3 மடங்கு, அதைத் தரையிலிருந்து இழுத்து, மார்பில் வாங்கி, தலைக்கு மேல் நிறுத்த வேண்டும். பளுதூக்கும் வீரர்கள் பயிற்சி நாள் ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு வகையில் தரையிலிருந்து இழுக்கிறார்கள். வாரத்தில் ஐந்து, ஆறு நாள். முதுகு எப்படித் தாங்குகிறது? தூக்கிய பாரை மேலிருந்தே போட்டுவிடுகிறார்கள். பளுவை மெதுவாக இறக்கும்போது தசைக்கு வரும் சேதம் இல்லை. வேகம் குறைந்தால் தூக்கலே தவறிவிடும் என்பதால் பற்களைக் கடித்துக்கொண்டு மெல்ல மெல்ல ஏற்றும் இழுப்புக்கு அங்கே இடமில்லை. ஓர் இழுப்பின் விலை குறைவு, அதனால் அடிக்கடி வாங்க முடிகிறது. உச்ச டெட்லிஃப்டோ விலை கூடிய இழுப்பு. இந்த இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு ‘அவர் தினமும் செய்கிறார்’ என்று ஒப்பிடுவது பொருந்தாது.

இவற்றிலிருந்து என் பரிந்துரைக்கு வருகிறேன். புதிதாகத் தொடங்குபவருக்கு வாரம் மூன்று நாள்கூடச் சரிதான். அவர் கற்றுக்கொள்வது ஓர் அசைவை, எடுப்பது இலகுவான பளுவை. தன் உடல் எடையைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு எடுக்கத் தொடங்கியவருக்கு இரண்டு நாள்: ஒன்று கனமான நாள், மூன்று முதல் ஐந்து செட், செட்டுக்கு மூன்று ரெப்ஸ், மற்றது உச்சத்தில் 70 சதவீதப் பளுவை வேகமாக எழுப்பும் நாள். அதற்கும் மேலே போனவருக்குக் கனமான நாள் ஏழு முதல் பத்து நாளுக்கு ஒரு முறை போதும். நடுவில் ஸ்குவாட்டும், பாரைத் தரையில் வைக்காமல் முழங்காலுக்குக் கீழ்வரை மட்டும் இறக்கும் ருமேனியன் வகையும் முதுகுக்கான வேலையை நிரப்பும். அறுவடையில் மூட்டை சுமக்கிறவர் எந்தப் படியில் இருந்தாலும் ஒரு நாளைக் கழித்துக்கொள்ள வேண்டும். உடல் கூலிச் சுமையையும் ஜிம் சுமையையும் தனித்தனிக் கணக்கில் எழுதுவதில்லை.

அடி அண்ணாமலையில் வாரத்தைவிடப் பொருத்தமான அளவு பௌர்ணமி. ஏறத்தாழ 29 நாளுக்கு ஒரு முறை கிரிவலப் பாதையில் கூட்டம் வழிகிறது. ஊர்க்காரர் அன்று நடக்கிறார், அல்லது விடிய விடியக் கடை போடுகிறார், தண்ணீர் கேன் இறக்குகிறார். வெறுங்காலில் 14 கிலோமீட்டரோ தூங்காத இரவோ, இரண்டும் மறுநாள் இழுப்பைக் கெடுக்கும். வாரம் இரண்டு நாள் என்று கட்டிய அட்டவணை ஒவ்வொரு பௌர்ணமியிலும் உடைகிறது. உடைந்ததை ஈடுகட்ட அடுத்த நாளே அவசரமாகக் கனத்தை ஏற்றுகிறார்கள். அதற்குப் பதில் பௌர்ணமி முடிந்து மூன்றாம் நாள் இலகுவாகத் தொடங்கி, அமாவாசைவரை எண்ணிக்கையைக் கூட்டி, அமாவாசைக்குப் பின் எண்ணிக்கையைக் குறைத்துப் பளுவை ஏற்றி, அடுத்த பௌர்ணமிக்கு ஐந்து நாள் முன்னால் அந்தச் சுற்றின் உச்ச இழுப்பை எடுத்து நிறுத்தலாம். ஒரு சுற்றில் எட்டுப் பயிற்சி நாள் வரும். இடைநிலையில் இருப்பவருக்கு 70 சதவீதத்துக்கு மேற்பட்ட இழுப்பு அறுபதிலிருந்து எண்பது, அதில் 90ஐத் தாண்டியவை பத்துக்குள் என்பது என் மதிப்பீடு. எட்டு நாள் ஏழாகக் குறைந்தாலும் பரவாயில்லை. நோட்டில் எழுத வேண்டியது அந்த இரண்டு எண்கள்.